மலைக்குளிரில் கறியை விடுவது எப்படி? நீலகிரி வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் யாராவது "இனிமேல் கறி சாப்பிடப் போவதில்லை" என்று சொன்னால் உடனே வரும் பதில், "இந்தக் குளிருக்கு அதெல்லாம் சரிப்படாது" என்பதுதான். இந்த மலையின் உச்சிப் புல்வெளிகளில், நம் எல்லோருக்கும் முன்பிருந்தே மந்து எனும் சிறு குடியிருப்புகளில் வாழும் தோடர்கள் மரபாகவே சைவ உணவுக்காரர்கள். எருமைப்பால், தயிர், மோர், நெய், தானியம் ஆகியவற்றைக் கொண்டே உறைபனிக் காலங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கடந்திருக்கிறார்கள். உடம்பு சூடாக இருக்கத் தேவை போதுமான உணவு. அது கறியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

ஆனால் அந்தப் பதிலை முழுவதுமாகத் தள்ளிவிடவும் முடியாது. கறியை விட்டுவிட்டு மூன்று மாதத்தில் சோர்ந்துபோய்த் திரும்பியவர்கள் நம் ஊரில் உண்டு. நான் பார்த்தவரை அவர்களை வீழ்த்தியது நாக்கு இல்லை, தட்டு. கறியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. சோறு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல், இடையிடையே நாலு டம்ளர் டீ என்று ஓட்டினால் எந்த உடம்பும் கேள்வி கேட்கும். கறி இருந்த இடத்தில் பருப்பையும் பயறையும் முறையாகக் கொண்டுவந்து உட்கார வைப்பதுதான் உண்மையான வேலை. மலையில் அதற்குத் தனிப் பக்குவம் வேண்டும். இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

முதல் படி: எதை விடுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

ஆடு, கோழி, மாடு, மீன், கருவாடு எல்லாவற்றையும் விடுவதா? முட்டை இருக்கட்டுமா? பால், தயிர்? இதில் சரி, தப்பு என்று அடுத்தவர் சொல்ல ஒன்றுமில்லை. உயிர்க்கொலை வேண்டாம் என்று நினைப்பவருக்கு ஒரு கோடு, கொழுப்பு ஏறியதால் மருத்துவர் சொல்லி விடுபவருக்கு வேறொரு கோடு. காரணத்தை உங்களுக்குள் தெளிவாக்கிக்கொண்டால் கல்யாணப் பந்தியில் குழப்பம் வராது. என் யோசனை ஒன்று உண்டு: முட்டை மீது மனத்தடை இல்லாதவர்கள் முதல் ஆறு மாதத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். புரதத்துக்கும் பி12-க்கும் அது கைகொடுக்கும். பாலையும் சேர்த்து விடப் போகிறீர்கள் என்றால் பி12 மாத்திரையை முதல் நாளிலேயே திட்டத்தில் சேர்த்தாக வேண்டும்.

இரண்டாம் படி: ஆரம்பிக்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, வைட்டமின் டி ஆகிய நான்கும் போதும். கறி சாப்பிடும்போதே நமக்கு ரத்தம் குறைவாக இருந்திருக்கலாம். அது தெரியாமல் உணவை மாற்றினால் பிறகு வரும் அசதிக்கெல்லாம் சைவத்தின் மேல் பழி விழும். எப்போதும் கைகால் சில்லிட்டுப் போவதும், மற்றவர்களைவிடக் குளிர் அதிகமாகத் தெரிவதும் ரத்தசோகையின் அறிகுறியாகவோ தைராய்டு குறைவாகவோ இருக்கலாம். மலையில் இருப்பதால் நாம் அதைக் குளிர் என்று நினைத்து விட்டுவிடுகிறோம்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் பேசிவிட்டு ஆரம்பியுங்கள். இன்னொரு முக்கியமான விஷயம்: இரும்புச்சத்து மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி நீங்களாகப் போடாதீர்கள். நீலகிரியின் பழங்குடிச் சமூகங்கள் சிலவற்றில் அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய் இருக்கிறது. அவர்களுக்கு ரத்தம் குறைவதன் காரணமே வேறு, சிகிச்சையும் வேறு.

மூன்றாம் படி: எந்த வரிசையில் விடுவது

நமக்கு இது முற்றிலும் புதிய காரியம் இல்லை. புரட்டாசியில் விடுகிறோம், மாலை போட்டால் ஒரு மண்டலம் விடுகிறோம், பழனிக்குப் பாதயாத்திரை போனால் விடுகிறோம். அந்த நாட்களில் யாரும் தடுமாறுவதில்லை, வீடே சேர்ந்து மாறிக்கொள்கிறது. எனவே விரதக் காலத்திலிருந்தே தொடர்வது எளிது. முடிகிற அன்று கறி எடுக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டு போகலாம்.

விரதக் காலம் பக்கத்தில் இல்லையென்றால் வார நாட்களில் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கறியைக் கடைசிக்கு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்பது வெறும் கறி இல்லை. பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாள், அத்தை வரும் நாள். அதை முதலிலேயே பிடுங்கினால் வீட்டில் எதிர்ப்பு வரும். வார நாட்களில் பயறு சமையல் கைக்குப் பழகி, ஞாயிற்றுக்கிழமைக்கு ஈடு கொடுக்கும் ஒரு குழம்பு தேறிய பிறகு அதைத் தொடுங்கள். கருவாடு, நெத்திலி போன்றவை அளவில் சிறியவை, ஆனால் ஆசையில் பெரியவை. அவை போக ஒன்றிரண்டு மாதம் கூடுதலாக எடுத்தாலும் பரவாயில்லை.

நான்காம் படி: தட்டில் எவ்வளவு இருக்க வேண்டும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடை என்றால் 50 கிராம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் ஒரு நாள் தட்டில் பருப்பு, பயறு 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, தானியம் 250 கிராம் அளவு, கொட்டை வகைகள் 35 கிராம், காய்கறி 400 கிராம் இருக்கின்றன. இதைக் கூட்டிப் பாருங்கள். பருப்பில் 18 கிராமுக்கு மேல், தானியத்தில் ஏறக்குறைய 20, பாலில் 10, நிலக்கடலையில் 8 என்று 55-ஐத் தாண்டிவிடும். இறைச்சி இல்லாமலே தேவை நிறைகிறது.

சிக்கல் அந்த 85 கிராமில்தான். அது வேகாத பருப்பின் எடை. நாலு பேர் வீட்டில் நாள் முழுவதற்கும் 340 கிராம், அதாவது கிட்டத்தட்ட இரண்டு டம்ளர். நாம் வைக்கும் சாம்பாரில் அரை டம்ளர் பருப்புகூட இருக்காது. ஒரு கரண்டி சாம்பாரை ஊற்றிவிட்டுப் புரதம் வந்துவிட்டது என்று நினைப்பதால்தான் பலருக்குப் பதினோரு மணிக்கே பசிக்கிறது. ஆகவே நாளுக்கு இரண்டு முறை பயறு வர வேண்டும். காலையில் பச்சைப்பயறு தோசை அல்லது இட்லியோடு கெட்டிச் சாம்பார், மதியம் மொச்சையோ கொண்டைக்கடலையோ போட்ட குழம்பு, சாயங்காலம் சுண்டல்.

தேயிலைத் தோட்டத்தில் பச்சை இலை பறிக்கப் போகிறவர்களுக்கும் மண்வேலை செய்கிறவர்களுக்கும் இதுவே போதாது. தூக்குச் சட்டியில் சோற்றோடு ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு கைப்பிடி வறுத்த கடலையும் போகட்டும். கடலை மிட்டாய் இன்னும் நல்லது, மேட்டில் ஏறி இறங்கும் உடம்புக்கு அந்த வெல்லமும் தேவைப்படும்.

காளான், பலாக்காய் பற்றி ஒரு எச்சரிக்கை. இரண்டும் கறிபோல மெல்லும் சுகத்தைத் தரும். பர்லியார் பக்கம் இளம் பலாக்காய் கிடைக்கும்போது நானும் விடமாட்டேன். ஆனால் மொட்டுக் காளானில் 100 கிராமுக்கு மூன்று கிராம் அளவுதான் புரதம், பலாக்காயில் அதைவிடவும் குறைவு. அவற்றை ருசிக்காகச் சேருங்கள், பயறுக்குப் பதிலாக வேண்டாம். மழைக்காலத்தில் காட்டில் முளைக்கும் காளானை, காலங்காலமாகப் பறித்துப் பழகியவர் கூட இல்லாமல் தொடவே கூடாது.

ஐந்தாம் படி: மலையில் பயறு வேகவைப்பது

இதை நிதானமாகப் படியுங்கள். பாதிப் பேர் இங்கேதான் மனம் தளர்கிறார்கள்.

ஊட்டி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், அதனால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். சமவெளியில் 100 டிகிரியில் கொதிப்பது ஊட்டியில் 92, 93 டிகிரியில் கொதிக்கிறது, குன்னூரில் 94 அளவில். தளதளவென்று கொதிப்பது கண்ணுக்குத் தெரியும், உள்ளே பருப்பு விறைப்பாகவே இருக்கும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு மசியாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான். அடுப்பைக் கூட்டினால் தண்ணீர் சீக்கிரம் வற்றுமே தவிரச் சூடு ஏறாது.

பிரஷர் குக்கர் இல்லாமல் மலையில் சைவச் சமையல் வேண்டாம். அதிலும் உள்சூடு சமவெளியைவிட மூன்று நான்கு டிகிரி குறைவாகவே இருக்கும். கோயம்புத்தூர் அக்கா சொன்ன விசில் கணக்கு இங்கே செல்லாது. விசிலை எண்ணுவதை விட்டுவிட்டு நேரத்தைப் பாருங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, ஊறிய கொண்டைக்கடலைக்கு 25 நிமிடம், மொச்சைக்கும் தட்டைப்பயறுக்கும் 15 முதல் 20 நிமிடம், துவரம்பருப்புக்கு 12 நிமிடம் வையுங்கள். பிறகு அடுப்பை அணைத்து ஆவி தானாக அடங்க விடுங்கள். அந்த அடங்கும் நேரத்திலும் பயறு வெந்துகொண்டிருக்கும்.

ஊறவைப்பதிலும் குளிர் குறுக்கே வரும். மார்கழி, தை மாதங்களில் இரவு ஊறவைத்தது காலையில் பாதிதான் ஊறியிருக்கும். பயறைக் கழுவி, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, மூன்று நிமிடத்தில் அணைத்து மூடிவைத்தால் ஒன்றரை மணி நேரத்தில் நன்றாக ஊறிவிடும். இல்லையென்றால் ஹாட்பாக்ஸில் வெந்நீர் ஊற்றி இரவு முழுக்க வையுங்கள். முளைகட்டவும் ஹாட்பாக்ஸ்தான் வழி. ஈரத்துணியில் கட்டிய பயறைச் சமையலறை மேடையில் வைத்தால் முளைப்பதற்கு முன் வாடை வந்துவிடும்.

புளி, தக்காளி, எலுமிச்சை எதுவானாலும் பயறு வெந்த பிறகே சேருங்கள். புளிப்பு பட்டால் தோல் இறுகிவிடும். ஊறவைக்கும்போது சிறிது உப்பு போடுவதில் தவறில்லை, தோல் மென்மையாகும். வருடக்கணக்கில் மூட்டையில் கிடந்த பயறு எத்தனை நேரம் வைத்தாலும் வேகாது. நிறைய விற்றுத் தீரும் கடையில் வாங்குங்கள்.

சிவப்பு ராஜ்மா வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற பொருள் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும். நம் உயரத்தில் திறந்த பாத்திரத்தை இதற்கு நம்பாதீர்கள்.

இந்த மலையின் பெரிய வரம் காய வைக்காத, பசுமையான பயறு வகைகள். உழவர் சந்தையில் உரித்த பட்டாணி, பச்சை அவரை, டபுள் பீன்ஸ், பட்டர் பீன்ஸ் வரும் மாதங்களில் ஊறவைக்கும் கவலையே இல்லை. படகர் வீடுகளில் அவரையும் உருளைக்கிழங்கும் சேர்த்து வைக்கும் குழம்பைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அதில் கறி இல்லை என்று யாரும் தேடுவதில்லை. டீ வருவதற்கு முன் இந்த மலை ராகி, சாமை, கோதுமை, அவரை, கீரை விளைந்த மலை. ராகியை மறுபடி எடுங்கள். 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. ராகிக் களியும் அவரைக் குழம்பும் இந்தக் குளிருக்கு நல்ல இரவுச் சாப்பாடு.

ஞாயிற்றுக்கிழமைக்கான குழம்பு

நாலு பேருக்கு 250 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலை அல்லது காய்ந்த மொச்சை எடுத்து ஊறவைத்து வேகவைத்துக்கொள்ளுங்கள். கறிக்குழம்பு மணக்கிறது என்கிறோமே, அந்த மணத்தில் பெரும்பங்கு வறுத்து அரைத்த மசாலாவுடையது. அது நம் கையில்தான் இருக்கிறது. மல்லி, மிளகாய் வற்றல், மிளகு, சோம்பு, பட்டை, கிராம்பு, கல்பாசி ஆகியவற்றைத் தனித்தனியாக வறுங்கள். கடைசியாகத் தேங்காயும் கொஞ்சம் கசகசாவும். நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி, இரண்டு கை சின்ன வெங்காயத்தை விளிம்பு சிவக்கும் வரை பொறுமையாக வதக்குங்கள். அவசரப்பட்டால் குழம்புக்கு அடி ருசி வராது. இஞ்சி பூண்டு விழுது பச்சை வாடை போனதும் தக்காளி, அது கரைந்ததும் அரைத்த மசாலா. எண்ணெய் பிரியும்போது வெந்த பயறை வேகவைத்த தண்ணீரோடு கொட்டி, ஒரு கைப்பிடியை மசித்துவிட்டு, இருபது நிமிடம் சிறுதீயில் விடுங்கள். கறிக்குழம்பில் கொழுப்பு தரும் திடத்தை இங்கே தேங்காயும் மசித்த பயறும் தரும்.

மீல்மேக்கர் பிடிக்காது என்பவர்கள் பெரும்பாலும் அதைப் பிழியாமல் சாப்பிட்டவர்கள். உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு தண்ணீர் கழுவி மறுபடி பிழிந்து, சோம்பு தாளித்த எண்ணெயில் சிவக்க வறுத்த பிறகே மசாலாவில் போடுங்கள். 30 கிராம் உலர்ந்த மீல்மேக்கரில் 15 கிராம் புரதம் இருக்கிறது. விலைக்கு இதைவிடக் கட்டுப்படியானது எதுவும் இல்லை.

வயிறு உப்புசம் முதல் இரண்டு மூன்று வாரம் இருக்கும். ஊறிய தண்ணீரை மாற்றுங்கள், பெருங்காயம், இஞ்சி, ஓமம் சேருங்கள், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பச்சைப்பயறில் தொடங்கிக் கொண்டைக்கடலைக்குப் போவது வயிற்றுக்கு நல்லது.

இட்லி மாவு, தயிர் இரண்டுக்கும் ஒரே வைத்தியம், கதகதப்பு. மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, அடுப்புக்குப் பக்கத்திலோ வெந்நீர் நிறைந்த அண்டாவுக்கு அருகிலோ வையுங்கள். உளுந்தோடு வெந்தயம் சேர்த்து அரையுங்கள். பனி மாதங்களில் 20 மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், அதற்குத் தகுந்தாற்போல் முந்தைய நாள் மதியமே அரைத்துவிடுங்கள்.

ஆறாம் படி: டீ நேரத்தை மாற்றுங்கள்

நீலகிரியில் இதைச் சொல்வது கடினம், ஆனாலும் சொல்லியாக வேண்டும். சாப்பாட்டோடு குடிக்கும் டீ, கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தைப் பாதிக்கு மேல் உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. இறைச்சியில் உள்ள இரும்பு டீயால் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. அதனால் கறி சாப்பிட்ட காலத்தில் பொறுத்துக்கொண்ட பழக்கம், சைவத்துக்கு வந்தபின் பொறுக்காது. ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை. பெண்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டியவர்கள்.

டீயை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தள்ளிவையுங்கள், காப்பிக்கும் இதேதான். சாப்பாட்டோடு புளிப்பான, பச்சையான ஏதாவது இருக்கட்டும். சுண்டலில் எலுமிச்சை, துருவிய பச்சை முட்டைகோஸ், நெல்லிக்காய், கொய்யா, வீட்டு வேலியோரத்து மரத்தக்காளிச் சட்னி என்று எது கிடைக்கிறதோ அது. இவற்றின் வைட்டமின் சி, தாவர இரும்பை உடம்பு ஏற்க உதவும். கீரையையும் குழம்பையும் இரும்புச் சட்டியில் வையுங்கள். ரேஷன் அரிசியில் செறிவூட்டிய மணிகள் கலந்து வந்தால் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறியாதீர்கள். அவற்றில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்திருக்கிறார்கள்.

ஏழாம் படி: பி12, அயோடின், வெயில்

பி12 எந்தக் காயிலும் கீரையிலும் நம்பத்தக்க அளவில் இல்லை. பால், தயிர், முட்டையில் இருக்கிறது. சாயத் தண்ணியாக, பால் இல்லாமல் டீ குடிப்பவருக்கு அந்த வழியும் அடைபடுகிறது. கல்லீரலில் பல வருடச் சேமிப்பு இருப்பதால் குறைவு உடனே தெரியாது, மெல்ல வரும். கால் மரத்துப் போவது, பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல் இருப்பது, ஞாபகமறதி, நாக்கு வழவழவென்று சிவப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். நாள்பட விட்டால் நரம்புச் சேதம் நிரந்தரமாகிவிடலாம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும், நெஞ்செரிச்சலுக்கு நெடுநாள் மாத்திரை எடுப்பவர்களுக்கும் பி12 மேலும் குறையும். மாத்திரை மலிவுதான், அளவை மருத்துவர் சொல்லட்டும்.

மீனை விட்ட வீட்டில் அயோடின் கலந்த உப்பு கட்டாயம். ஆளிவிதையை வறுத்துப் பொடித்து நாளுக்கு ஒரு ஸ்பூன் இட்லிப் பொடியில் கலந்துகொள்ளுங்கள், அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பில் ஒரு சிறு பங்கை உடம்பு மீனில் கிடைத்த வகையாக மாற்றிக்கொள்ளும். மூடுபனி மாதங்களில் வெயில் எட்டிப் பார்க்கும் நடுப்பகலில், வைட்டமின் டி-க்காகக் கை கால் தெரிய நில்லுங்கள்.

எட்டாம் படி: வெளியில் சாப்பிடும்போது

குஸ்கா பல கடைகளில் சைவம் இல்லை. பிரியாணியிலிருந்து கறித்துண்டை எடுத்துவிட்ட சோறாகவே அது பெரும்பாலும் இருக்கும். பரோட்டாவுக்கு ஊற்றும் வெறும் சால்னா பெரும்பாலும் கோழிச் சால்னாவே, பரோட்டா மாவிலும் பல கடைகளில் முட்டை இருக்கும். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பேக்கரி கேக்கில் முட்டை உண்டு, ஜெல்லி மிட்டாய்களில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம். பொட்டலத்தில் பச்சைப் புள்ளி சைவம், பழுப்பு முக்கோணம் அசைவம். முட்டை சேர்ந்தாலும் அந்த முக்கோணம்தான் இருக்கும்.

உறவுகள்தான் கடினம். கிடா வெட்டுக்குப் போனால் "ஒரு துண்டு எடுத்துக்கோ, சாமி கோவிச்சுக்கும்" என்பார்கள். வாதம் வேண்டாம். "இல்ல மாமா, விட்டுட்டேன். ரசம் ஊத்துங்க, வயிறு நிறையச் சாப்பிடுறேன்" என்று சொல்லி உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிடுங்கள். பந்தியில் உட்காராமல் போவதுதான் அவர்களுக்கு வலிக்கும். பக்ரீதுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அக்கம்பக்கத்திலிருந்து பாத்திரம் வரும் ஊர் நம்முடையது. அந்தப் பாத்திரத்தை முகம் சுளிக்காமல் வாங்குங்கள், வீட்டில் சாப்பிடுகிறவர் இருந்தால் சாப்பிடட்டும். அடுத்த முறை வருவதற்குள் சொல்லிவைத்தால் உங்களுக்கென்று தனியே இனிப்பு எடுத்துவைப்பார்கள். வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டும் விட்டிருந்தால், சமைப்பவருக்கு இரட்டை வேலை வைக்காதீர்கள். உங்கள் பயறை நீங்களே ஊறவையுங்கள், குக்கரையும் நீங்களே ஏற்றுங்கள். வளரும் பிள்ளைகளை உங்கள் முடிவுக்குள் கட்டாயமாக இழுக்காதீர்கள். அவர்களாக விரும்பி வந்தால் பால், தயிர், பயறு, கடலை ஒருநாளும் குறையக்கூடாது.

எங்காவது ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டால் அடுத்த வேளையிலிருந்து தொடருங்கள். ஒன்றாம் தேதிக்காகவோ அடுத்த அமாவாசைக்காகவோ காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்று மாதம் கழித்து ஹீமோகுளோபினையும், ஆறு மாதத்தில் பி12-ஐயும் மறுபடி பாருங்கள். முதல் பரிசோதனைச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் இரண்டையும் ஒப்பிட முடியும். அசதி இருந்து ரத்தமும் குறைந்திருந்தால், அடுத்த ஒரு வாரம் நீங்கள் சாப்பிட்ட பயறின் அளவையும் டீ குடித்த நேரத்தையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கே குறைகிறது என்று அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.